தொழுவத்துக் கதவு அளவு டிவி

தராஸ் நகரத்து வெந்நீர் நிலையத்தில் முப்பது வருடமாகக் கொதிகலன் பார்க்கும் ஒரால்பாய்க்கு, அடுத்தவர் வீட்டு டிவி எத்தனை அங்குலம் என்ற கவலை அதுவரை வந்ததே இல்லை. மகள் தோக்ஜான்தான் அதைக் கிளப்பிவிட்டாள். அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் மிராஸின் வீடு ஷிம்கென்டில் இருந்தது. அவனுடைய அப்பாவும் அம்மாவும் முதல்முறையாகச் சம்பந்தம் பேச வருவதாகச் சேதி வந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்:

"அவங்க வீட்ல அறுபத்தஞ்சு அங்குல டிவி இருக்குப்பா. பெரிய கூடம்."

ஒரால்பாய் ரொட்டியைக் கீழே வைத்தார். தன் வீட்டு மூலையில், பாதி முகம் எப்போதும் பச்சையாகத் தெரியும் பழைய பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அறுபத்தஞ்சா?"

"ஆமாப்பா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

அவருடைய 'சும்மா'வின் அர்த்தம் மனைவி குலாயிமுக்குத் தெரியும். போன தடவை 'சும்மா' கேட்டபோது வீட்டுக்கு ஒரு மோட்டார் படகு வந்தது. தராஸில் அதை ஓட்ட ஏரி கிடையாது.

மறுநாளே கடைக்குக் கிளம்பினார்கள். சுவரை நூல் பிடித்து அளந்தார் ஒரால்பாய். நூலைப் பத்திரமாகச் சுருட்டினார். பிறகு அதைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். கடையில் நின்று அது தெரிந்ததும், "பரவாயில்ல, எனக்கு மனசுல இருக்கு. எட்டுச் சாண்," என்று கையை விரித்தார்.

கடையின் ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே படம்: கிளிகள் பறந்தன, தேன் வழிந்தது, வண்ணப்பொடி வெடித்துச் சிதறியது.

"இந்தத் தேனையும் கிளியையும் எத்தனை நாளைக்குப் பார்க்குறது?" என்றாள் குலாயிம். "தம்பி, இதுல ஒரு சீரியல் போட்டுக் காட்டு."

கழுத்துப்பட்டை அணிந்திருந்த விற்பனைக்காரர் ஒரு சீரியலைப் போட்டார். அழுதுகொண்டிருந்த கதாநாயகியின் கன்னத்தில் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. மூக்கோரம் ஒரு பருவை மறைத்திருந்ததும் தெரிந்தது.

"அடி பாவி, உனக்கு நாற்பது வயசா?" என்று குலாயிம் திரையிடமே கேட்டாள். "ஏழு வருஷமா இருபத்திரண்டுன்னு நம்பிட்டிருக்கேன். எனக்கு இவ்வளவு தெளிவு வேணாம், கிழவா. சின்னதா ஒண்ணு பாரு."

ஒரால்பாய் அதற்குள் எழுபத்தைந்தைக் கடந்து, கடைக்கோடியில் நின்ற எண்பத்தைந்தின் முன்னால் போய் நின்றிருந்தார். அதில் ஒரு கிளி அவரைவிடப் பெரிதாக இருந்தது.

"அண்ணே, கூடம் எவ்வளவு அகலம்? இதை நாலு மீட்டராவது தள்ளி உட்கார்ந்து பார்க்கணும்," என்றார் விற்பனைக்காரர்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்கு எதுக்குத் தள்ளி உட்காரணும்?"

அதற்குமேல் விற்பனைக்காரரும் பேசவில்லை, குலாயிமும் பேசவில்லை. பேசிப் பலனிருந்திருந்தால் படகு வந்திருக்காது.

அவர்கள் குடியிருந்தது ஐந்து மாடிக் கட்டடத்தின் நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெட்டி திரும்ப மறுத்தது. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கடையிலிருந்து வந்த இரண்டு சுமைக்காரர்களும் மாறி மாறிச் சபித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒன்பதாம் எண் வீட்டுக் கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி, பெட்டியின் ஒரு முனையை உள்ளே விட்டுத் திருப்ப வேண்டியதாயிற்று. சூப் குடித்துக்கொண்டிருந்த அந்த வீட்டுக்காரர் கரண்டியோடு எழுந்து நின்று, மேசையை உரசிக்கொண்டு வந்த பெட்டியைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க," என்றார்.

வீட்டுக்குள் வேறொரு சிக்கல். ஒரு சுவரில் ஜன்னல், ஒன்றில் கதவு, ஒன்றில் பீங்கான் அலமாரி. மிச்சமிருந்தது வாசலுக்கு நேர் எதிர்ச் சுவர் மட்டும்தான். அது 'தோர்', வீட்டிலேயே உயர்ந்த இடம். மரியாதைக்குரிய விருந்தாளியை அந்தச் சுவரோரம்தான் உட்காரவைப்பார்கள். அங்கே தொங்கிய சிவப்புக் கம்பளத்தைக் கழற்றிவிட்டு ஒரால்பாய் டிவியை மாட்டினார்.

"அப்போ விருந்தாளி எப்படி டிவி பார்ப்பாங்க? முதுகு தானே அந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டாள் குலாயிம்.

ஒரால்பாய் திருப்புளியோடு திரும்பிப் பார்த்தார். இதை அவர் யோசித்திருக்கவில்லை. "வரும்போது பார்ப்பாங்கல்ல," என்றார், கடைசித் திருகை முடுக்கிக்கொண்டே. "போகும்போதும் பார்ப்பாங்க."

அந்த டிவியோடு வாழ்வது லேசாக இல்லை. ஆட்டுக்காகக் குதிரைவீரர்கள் மோதிக்கொள்ளும் கோக்பார் ஆட்டத்தை முதல்நாள் போட்டபோது, குதிரைகள் நேராகத் தன்மேல் பாய்ந்து வருவதைப் பார்த்து ஒரால்பாய் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டார். முழு மைதானத்தையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமானால் நடைவழியில் முக்காலி போட்டு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ரிமோட்டில் வாயால் சொன்னால் போதும் என்றார்கள். அவர் "கோக்பார்" என்று கசாக்கில் கத்தினால், ரஷ்ய மொழி மட்டும் தெரிந்த டிவி முட்டைக்கோஸ் ஊறுகாய் போடுவது எப்படி என்று காட்டியது. குலாயிமுக்கோ செய்தி வாசிப்பவனைக் கண்டால் கூச்சம். சட்டை மாற்றப் போனால்கூட, "இவன் உத்துப் பார்க்குறான்," என்று அடுத்த அறைக்குப் போனாள்.

சனிக்கிழமை நண்பகலில் மிராஸோடு சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். மிராஸின் அப்பா கப்தோல்லா பருத்த மனிதர், வாய் ஓயாமல் பேசுகிறவர். அம்மா ராபிகா அதற்கு நேர்மாறு. வெள்ளைச் சால்வை, நிமிர்ந்த முதுகு, உதட்டைத் தைத்துவிட்டது போல ஒரு முகம். குலாயிம் கட்டியணைத்து வரவேற்றபோது தலையை மட்டும் அசைத்தாள். தோக்ஜான் வணங்கியபோதும் அதே அசைவுதான்.

'போச்சு. பெண்ணைப் பிடிக்கவில்லை,' என்று நினைத்தாள் குலாயிம்.

தோரில், டிவிக்கு நேர்கீழே, மெத்தை விரித்து இருவரையும் உட்காரவைத்தார்கள். கப்தோல்லா கழுத்தைத் திருப்பித் திருப்பி டிவியைப் பார்த்தார்.

"அடேயப்பா! மிராஸ், நம்ம தோட்டத்துப் படமெல்லாம் அம்மா போன்ல இருக்குல்ல? இதுல போட்டுக் காட்டு. சம்பந்திங்க, குதாவும் குதாகியும், பார்க்கட்டும்."

மிராஸ் அம்மாவின் போனை வாங்கி ஏதோ இரண்டு தட்டுத் தட்ட, போனில் தெரிந்ததெல்லாம் அப்படியே டிவியில் தெரிந்தது. ஆப்பிள் மரங்கள், புதுக் கூரை, கூரை மேல் நிற்கும் கப்தோல்லா. எல்லோரும் ஆகா என்றார்கள். பார்த்து முடித்ததும் ராபிகா போனை வாங்கி அணைத்தாள், திரையும் கறுத்தது. தோக்ஜான் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போக, உதவுகிறேன் என்று மிராஸும் பின்னாலேயே போய்விட்டான். இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை.

ஆட்டுத்தலையைக் கப்தோல்லாவின் முன்னால் வைத்தார்கள். அதை வெட்டிப் பங்கு போடுவது தலைமை விருந்தாளியின் வேலை. அவர் கத்தியோடு அதில் மூழ்கிவிட்டார். பெரிய தட்டில் இறைச்சியும் மாவுத்துண்டுகளும் ஆவி பறக்க வந்தன. ராபிகா ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. கையை மேசை விரிப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

அப்போதுதான் அவள் தலைக்கு மேலே டிவி வெளிச்சமாயிற்று.

குலாயிமும் ஒரால்பாயும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். முஷ்டி அளவு எழுத்துகளில், ஒவ்வொன்றாக, திரையில் வார்த்தைகள் வந்து விழுந்தன:

'ரோசா, வந்து சேர்ந்துட்டோம். இவங்க டிவி தொழுவத்துக் கதவு அளவு இருக்கு.'

குலாயிமுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. ராபிகாவின் கட்டைவிரல் விரிப்புக்குக் கீழே அசைவதைப் பார்த்ததும் பிடிபட்டது.

'அக்கா, எப்படி இருக்காங்க ஆளுங்க?' என்று கீழே ஒரு பதில் முளைத்தது.

'ஒண்ணும் தெரியல. அந்த மனுஷன் வாயைப் பிளந்துட்டு என் தலைக்கு மேலயே பார்த்துட்டிருக்காரு.'

ஒரால்பாய் வாயை மூடினார். குலாயிம் மேசைக்குக் கீழே அவர் தொடையைக் கிள்ளினாள்.

அடுத்தவள் கடிதத்தைப் படிப்பது தப்பு. எடுத்துச் சொன்னால் அதைவிடப் பெரிய தப்பு, வந்த வீட்டில் அவமானப்பட்டுப் போவாள். மிராஸைக் கூப்பிட்டு அணைக்கச் சொல்லலாம் என்றால், பெற்றவளின் அந்தரங்கத்தைப் பிள்ளை படிக்க வேண்டிவரும். ரிமோட் டிவிக்குக் கீழே இருந்த பலகையில், ராபிகாவின் முதுகுக்குப் பின்னால் கிடந்தது.

'கப்தோல்லா தலையை வெட்டுற அழகைப் பார்த்தா ஆடு இன்னொரு தடவை செத்துடும் போல,' என்றது திரை.

"நிறுத்து!" என்று ஒரால்பாய் தன்னையறியாமல் டிவியைப் பார்த்துக் கத்திவிட்டார்.

கப்தோல்லாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. "என்ன குதா? தப்பா வெட்டிட்டேனா? உங்க பக்கம் காதுலேர்ந்து ஆரம்பிப்பாங்களா?"

"இல்ல இல்ல, நல்லா வெட்டுறீங்க. தாராளமா வெட்டுங்க."

'முதுகு விட்டுப்போகுது ரோசா. ஒரு தலையணை இருந்தா நல்லாயிருக்கும்.'

குலாயிமுக்கு வழி கிடைத்துவிட்டது. பெரிய தலையணை ஒன்றை எடுத்துக்கொண்டு ராபிகாவுக்குப் பின்னால் போனாள். "சாய்ஞ்சுக்கோங்க குதாகி," என்று ஒரு கையால் அதை வைத்தபடி, மறுகையால் பலகையில் துழாவினாள். விரல் பட்டதும் ரிமோட் வழுக்கியது. பலகைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் விழுந்து, தடதடவென்று கீழே போய்விட்டது. ராபிகா அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

குலாயிம் தன் இடத்துக்குத் திரும்புவதற்குள் திரையில் அடுத்தது வந்திருந்தது.

'ஏன் இன்னும் சாப்பிடலைங்கற?' என்று கேட்டிருந்தாள் ரோசா.

'எப்படிச் சாப்பிடுறது? காலையில மாட்டின புதுப் பல்லு வாய்க்குள்ள கட்டவுத்த குதிரை மாதிரி ஓடுது. சிரிச்சா சூப்புல விழுந்துடும். அதான் மூஞ்சிய இறுக்கி வெச்சிருக்கேன். வாசனை ஆளைத் தூக்குதுடி. பசியில கண்ணு இருட்டுது.'

கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி எழுத்துகள் ஓடின.

'பொண்ணு தங்கம். ஆனா நான் அவகிட்ட ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசல. அவங்கம்மா என்னைத் திமிர் பிடிச்சவன்னு நினைச்சிருப்பா. பயமா இருக்கு ரோசா. கெடுத்துட்டேனோன்னு.'

குலாயிம் அதை இரண்டு தரம் படித்தாள். ராபிகா வந்து இறங்கியதிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரால்பாய் மூக்கை உறிஞ்சினார். அந்த மனிதருக்குச் சீரியல் பார்த்தாலும் இப்படித்தான்.

"இதோ வந்துட்டேன்," என்று அவள் எழுந்து சமையலறைக்கு ஓடினாள். அடுப்படியில் தோக்ஜானும் மிராஸும் தட்டுத் துடைப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரே தட்டை இரண்டு பக்கமும் பிடித்து நின்றார்கள். அவர்களை விலக்கிவிட்டுக் கத்தியை எடுத்தாள். பாலர் பள்ளியில் இருபது வருடம் சமைத்தவள் அவள். பல் முளைக்காத வாய்க்கு எப்படி இறைச்சி நறுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆட்டிறைச்சியைப் பொடிப்பொடியாக நறுக்கி, மாவுத்துண்டையும் அப்படியே நறுக்கி, கொழுப்பு மிதக்கும் சூப்பை ஊற்றிக் குழைத்தாள். ராபிகாவுக்கு மட்டும் கொடுத்தால் சந்தேகம் வருமே என்று நான்கு கிண்ணம் செய்தாள்.

"எங்க வீட்டு வழக்கம், குதாகி. மரியாதைப்பட்டவங்களுக்கு மெல்லுற சிரமம்கூடக் கொடுக்க மாட்டோம்."

"அப்படியொரு வழக்கமா?" என்றார் கப்தோல்லா, தன் கிண்ணத்தைக் கவலையோடு பார்த்து. "எனக்குத்தான் எல்லாம் நல்லா உறுதியா இருக்கே. அந்தப் பெரிய எலும்பை இப்படித் தள்ளுங்க."

ராபிகா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். மளமளவென்று பாதிக் கிண்ணம் காலியாயிற்று. பிறகு கை மறுபடி விரிப்புக்குக் கீழே போனது.

'ரோசா, இந்தப் பொம்பளை மனசைப் படிக்கிறா. தலையணைன்னு நினைச்சா தலையணை வருது. பல்லுன்னு நினைச்சா கூழ் வருது. இனிமே எதையும் நினைக்கவே பயமா இருக்கு.'

ஒரால்பாய் சிரிப்பை அடக்கக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்தார். சூப் மூக்கில் ஏறி இருமினார். கப்தோல்லா எட்டி அவர் தலையைத் தட்டினார். அந்த நேரம் பார்த்து, டைப் செய்து அலுத்துப்போன ரோசா ஒரு குரல்செய்தி அனுப்பினாள். ராபிகா யாருக்கும் கேட்காதபடி போனை மெல்லக் காதுக்குக் கொண்டுபோய் அதைத் தட்டினாள்.

சத்தம் போனில் வரவில்லை. எண்பத்தைந்து அங்குல டிவியிலிருந்து, கோக்பாருக்காக ஒரால்பாய் கூட்டிவைத்திருந்த அதே அளவில், பீங்கான் அலமாரி அதிர வந்தது:

"அட லூசு அக்கா! பல்லைக் கழட்டிக் கைப்பைக்குள்ள போட்டுட்டு நல்லா அள்ளிச் சாப்பிடு! யாருக்குத் தெரியப்போகுது!"

கப்தோல்லாவின் கையிலிருந்து எலும்பு நழுவித் தட்டில் விழுந்தது. ராபிகா போனைக் காதிலிருந்து எடுத்தாள். மெல்லத் திரும்பினாள். தன் வார்த்தைகளெல்லாம் வரிசையாக, ஆளுயரத்துக்கு, சுவரில் நிற்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

'முடிந்தது,' என்று நினைத்தாள் குலாயிம். 'இப்போது எழுந்து போய்விடுவாள்.'

ராபிகா முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"எப்பலேர்ந்து தெரியுது?"

குலாயிம் ஏதாவது பொய் தேடிக்கொண்டிருந்தாள். ஒரால்பாய் முந்திக்கொண்டார்.

"தொழுவத்துக் கதவுலேர்ந்து, குதாகி."

"ஆடு இன்னொரு தடவை செத்துடுமா?" என்று கப்தோல்லா திரையைப் பார்த்து உரக்கப் படித்தார். "முப்பத்தொரு வருஷமா உனக்கு வெட்டிப்போடுறேன்! ஒரு நாளாவது சொன்னியாடி?"

அந்தக் குரலில் இருந்த ஆதங்கம்தான் ராபிகாவை உடைத்தது. தோள் குலுங்கியது. உதட்டை இறுக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள், பல் வெளியே குதித்தது. அவள் பயந்தது போல சூப்பில் விழவில்லை. குலாயிம் நீட்டிய துணியில் வந்து விழுந்தது. குலாயிமும் சிரித்துக்கொண்டே, பாலர் பள்ளிக் குழந்தையின் பொம்மையைப் போல அதைப் பொதிந்து அவள் கையில் வைத்தாள்.

"மன்னிச்சுடுங்க குதாகி. அணைக்கத்தான் பார்த்தேன். ரிமோட்டைச் சுவரு முழுங்கிடுச்சு."

"நீங்க மட்டும் படிக்காம இருந்திருந்தா," என்றாள் ராபிகா, ஒவ்வொரு சொல்லும் காற்றாக விசிலடிக்க, "நான் பட்டினியா ஷிம்கென்ட் போயிருப்பேன். இன்னொரு கிண்ணம் இருக்கா?"

சிரிப்புச் சத்தம் கேட்டு மிராஸும் தோக்ஜானும் ஓடிவந்தார்கள். மிராஸ் திரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அம்மாவின் போனை வாங்கி இணைப்பைத் துண்டிக்கப் போனான்.

"விடுடா," என்றாள் ராபிகா. "அதுல அவளைப் பத்தி எழுதியிருக்கேன். அவ படிக்கட்டும்."

தோக்ஜான் படித்தாள். 'பொண்ணு தங்கம்' என்ற இடத்துக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ராபிகா கைப்பையைத் திறந்து பல்லை உள்ளே வைத்தாள், ஒரு சின்ன வெல்வெட் பெட்டியை வெளியே எடுத்தாள். அதில் இருந்தது மணப்பெண்ணுக்குப் போடும் வெள்ளித் தோடு. தோக்ஜானைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு காதிலும் தன் கையாலேயே மாட்டினாள். பிறகு உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னாள். நீளமான ஆசி. பிள்ளைகள், வீடு, நல்ல வார்த்தை, நல்ல அண்டை என்று எல்லாம் அதில் இருந்தது. 'ச' வரும் இடமெல்லாம் சீழ்க்கை ஒலித்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரால்பாய் உதட்டைக் கடித்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் முகத்தைத் தடவி ஆமீன் சொன்னார்கள்.

"ம், ஆச்சு," என்றாள் ராபிகா. "இப்ப சிரிச்சுக்கோங்க."